முழங்கைக்கு எங்கே இடம்?

டெஸ்க்டாப்புக்கு டச் ஸ்கிரீன் ஒத்துவராது என்று சொன்னால் உடனே ஒரு பதில் வருகிறது: "தொடவே வேண்டாம் சார், காற்றில் கையை அசைத்தால் போதும், அந்தக் காலம் வருது பாருங்க." அந்தக் காலம் 2013-லேயே வந்து போய்விட்டது.

அந்த வருடம் ஜூலையில் சான் பிரான்சிஸ்கோவின் லீப் மோஷன் கம்பெனி சுமார் 80 டாலருக்கு மூன்றங்குலப் பெட்டி ஒன்றை விற்க ஆரம்பித்தது. கீபோர்டுக்கு முன்னால் வைத்து யுஎஸ்பியில் செருகினால், அதற்குள் இருக்கும் இரண்டு அகச்சிவப்பு கேமராக்கள் மேலே இரண்டடி உயரம் வரை பத்து விரல்களையும் கவனிக்கும். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு துல்லியம் என்று விளம்பரம். எச்பி அதை ஒரு லேப்டாப்பிலேயே பதித்துக் கொடுத்தது. ஆனாலும் மவுஸை யாரும் தூக்கிப் போடவில்லை. 2019-ல் கம்பெனியே கைமாறியது.

சென்சாரைக் குறை சொல்வது சுலபம். என்னைக் கேட்டால் சிக்கல் நம் தோளில் இருக்கிறது. இப்போதே செய்து பாருங்கள். முழங்கை மேசையில் படாமல் கையை நீட்டி, திரை மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை விரலால் குறிபார்த்துக்கொண்டே இருங்கள். முதலில் விரல் நுனி நடுங்கும். அப்புறம் தோள்பட்டை கடுக்கும். வீட்டுப்பாடம் எழுதாதவனைக் கையைத் தூக்கி நிற்கவைக்கும் வாத்தியாருக்கு இந்த அறிவியல் நன்றாகவே தெரியும். டச் ஸ்கிரீனிலாவது விரல் ஒரு நொடி கண்ணாடியில் ஊன்றி நிற்கும். காற்றில் அதுவும் கிடையாது. கிளிக் செய்ய விரலை முன்னால் குத்தினால் அந்த அசைவிலேயே குறி தப்பும். டீயை எடுக்க நீட்டிய கையா, உத்தரவு போட நீட்டிய கையா என்று பெட்டிக்கு எப்படித் தெரியும்?

மவுஸ் பிடித்த கை மேசையில் சுகமாகப் படுத்திருக்கிறது. மணிக்கட்டை லேசாக நகர்த்தினால் திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்விடலாம். இதைத் தோற்கடிப்பது லேசில்லை.

தொடவே கூடாத இடம் என்றால் பேச்சு வேறு. டொரொண்டோவின் சன்னிபுரூக் ஆஸ்பத்திரியில் உடலசைவைக் கவனிக்கும் மைக்ரோசாஃப்ட்டின் கினெக்ட் கேமராவை வைத்து ஆபரேஷன் தியேட்டரிலேயே ஸ்கேன் படங்களைப் புரட்டினார்கள். கிருமி நீக்கிய கையுறையோடு நிற்கும் சர்ஜன் மவுஸைத் தொட்டால் மறுபடி கை கழுவப் போகவேண்டும். அவர் கையை வீசுவதும் சில நொடிகள்தான்.

2024-ல் வந்த, தலையில் மாட்டும் கம்ப்யூட்டரான ஆப்பிள் விஷன் ப்ரோ இந்தத் தோள் சிக்கலைப் புரிந்துகொண்டது. குறிபார்ப்பது கண்ணின் வேலை. கை மடியிலேயே கிடக்கும், இரண்டு விரல்களைச் சேர்த்தால் கிளிக். சரியான வழி இதுதான். ஆனால் அறுநூறு கிராமுக்கு மேல் தலையில் மாட்டிக்கொள்ள வேண்டும். தோள்வலியைக் கழுத்துக்கு மாற்றிக்கொள்ள 3,499 டாலரா?

மானிட்டருக்கு அடியில் ஒட்டிக்கொண்டு கண்ணைக் கவனிக்கும் பட்டையை டோபி என்ற கம்பெனி எப்போதோ விற்க ஆரம்பித்துவிட்டது. அதோடு, மேசையில் கிடக்கும் கையின் விரலசைவை மட்டும் படிக்கிற கேமரா ஒன்றையும் சேர்த்து யாராவது ஒழுங்காகச் செய்து தரட்டும், நான் வாங்குகிறேன்.