ஜூதப்பள்ளிக்குப் போய்வந்ததற்காக

ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட படத்துக்குக் கீழே நடந்ததைப் பலரும் பார்த்திருப்பீர்கள். கேரளத்துச் சேந்தமங்கலத்தில், யூதர்களின் பழைய ஜெப ஆலயத்தையே அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். ஊர்க்காரர்களுக்கு அது ஜூதப்பள்ளி. அதன் வாசலில் நின்று எடுத்த ஒரே ஒரு படம். "அப்படியானால் நீ எந்தப் பக்கம்?" என்று காசாப் போரை வைத்துக் கேட்டார் இருபது ஆண்டு நண்பர். நூறு பேர் பார்க்கக் கேட்டார்.

நான் போனது அண்டை வீட்டாரைப் பார்க்க. வேறெந்தப் பக்கமும் இல்லை.

அங்கே வாசலில் 1269-ஆம் ஆண்டின் கல்லறைக்கல் ஒன்று நிற்கிறது. இஸ்ரேலின் மகள் சாரா என்று எபிரேயத்தில் பொறித்திருக்கிறது. அந்தக் கல்லில் இஸ்ரேல் என்பது ஒரு தகப்பனின் பெயர். மகளைப் பறிகொடுத்த வீட்டு வாசலில் நின்றவனிடம்தான் பக்கம் கேட்கிறீர்கள்.

சேர மன்னன் பாஸ்கர ரவி ஏறத்தாழ 1000-ஆம் ஆண்டில் யூதத் தலைவர் யோசேப்பு ரப்பானுக்குக் கொடுத்த செப்பேடு வட்டெழுத்தில் இருக்கிறது. பகல்விளக்கு, பாவாடை, அந்தோளகம், குடை என்று அதில் வரும் உரிமைகளை அகராதி இல்லாமலே பாதி படித்துவிடலாம். இவர்கள் அந்நியர்களா? இவர்கள் வீட்டுப் பெண்கள் மலையாளத்தில் பாட்டுக் கட்டி, நோட்டுகளில் எழுதிவைத்துப் பாடியவர்கள். அண்டை வீட்டார் என்று நான் சொல்வது அதனால்தான்.

காசாவில் குழந்தைகள் சாகும்போது இது தேவையா என்கிறார்கள். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. அந்தப் படங்களைப் பார்த்துவிட்டுத் தூங்காமல் கிடந்திருக்கிறேன். அதை நான் யாருக்கும் நிரூபிக்க வேண்டியதில்லை. 1950-களில் இந்தக் கேரள யூதர்களில் பெரும்பாலோர் போனது இஸ்ரேலுக்குத்தானே என்பீர்கள். ஆமாம், போனார்கள். அதற்கு முன் எத்தனை நூற்றாண்டு இங்கே இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அவர்களுக்குள்ளும் பாகுபாடு இருந்ததே என்றார் இன்னொருவர். இருந்தது, மறைக்கவில்லை. கொச்சி மட்டாஞ்சேரியில் 'பரதேசி' (வெளிநாட்டிலிருந்து வந்தோர்) ஜெப ஆலயத்தில் அடிமை வழி வந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்டோர் தரையில் உட்கார வேண்டியிருந்தது. அதை எதிர்த்து அந்த ஆலயத்துக்குள்ளேயே சத்தியாகிரகம் செய்த ஏ.பி. சேலம், அப்படி ஒதுக்கப்பட்டவர்களில் ஒருவர்தான். இதைத் தெரிந்துகொள்வதற்கும் அங்கேதான் போக வேண்டியிருக்கிறது.

என் அப்பாயி ஞாபகம் வந்துகொண்டே இருக்கிறது. எங்கள் பக்கத்து வீட்டார் ஊரைவிட்டுப் போன பிறகும், கார்த்திகையன்று பூட்டிய அந்த வீட்டுத் திண்ணையில் ஓர் அகல் வைத்துவிட்டு வருவார். போகும்போது அவர்களோடு எங்களுக்கு வரப்புத் தகராறு கூடத் தீரவில்லை. அப்பா கோபித்தபோது, "நம்ம வாசல் வெளிச்சமா இருக்கையிலே அது மட்டும் இருட்டாக் கிடக்கணுமா?" என்றார். அப்பாயியை யாரும் எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை.

சேந்தமங்கலத்தில் மரப்படி ஏறி, பெண்கள் அமர்ந்த மேல்தளத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். கீழே நடுவில் வேதம் வாசிக்கும் மேடை, மேலே இன்னொன்று. மேலேயும் ஒரு மேடை வைப்பது கேரள யூதர்களின் தனி வழக்கம். வாசிக்கத்தான் ஆளில்லை. எனக்குத் தொண்டை அடைத்தது. அந்த மனநிலையில் வெளியே வந்து எடுத்த படம் அது.

அதை நான் நீக்கப்போவதில்லை. நண்பரே, என் வீடு உங்களுக்குத் தெரியும். நேரில் வந்து கேட்டிருக்கலாம்.