வேலையை விட்டுப் போனவர்களை யார் எண்ணினார்கள்?

ஷூ கம்பெனிகளில் ஒட்டப் பயன்படும் பசை, அதாவது 'சொல்யூஷன்', தொழிலாளர் உடம்பைக் கெடுக்கிறதா என்ற அந்த டிவி விவாத கிளிப்பை நேற்றிலிருந்து ஆளாளுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். பார்த்துவிட்டேன். சிரிப்பு ஸ்மைலி போட்டுப் பகிர்ந்த நண்பர்களையும் பார்த்துவிட்டேன். "முப்பது வருஷமா அதே சொல்யூஷன், அதே பொம்பளைங்க, யாருக்கு என்ன ஆச்சு? ஏசி ரூம்ல உக்காந்து எலிக்கு ஊசி போடுறவங்க வந்து எங்களுக்குப் பாடம் எடுக்குறாங்க" என்று கம்பெனித் தரப்பில் பேசியவர் சொன்னதும் நெறியாளரே சிரிக்கிறார். சரி, எலிக்கு ஊசி போடுகிறவள்தான், அதாவது ரசாயனங்களின் நச்சை ஆராய்கிறவள்தான் எழுதுகிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

"அதே பெண்கள்" என்று அவர் யாரைச் சொல்கிறார்? இன்றைக்கு வேலைக்கு வந்திருப்பவர்களை. கை மரத்துப்போய், கால் தள்ளாடி, பாதியில் நின்றுபோனவர்கள் அந்த வரிசையில் எப்படி இருப்பார்கள்? உடம்பு தாங்கியவர்கள் மிஞ்சியிருக்கிறார்கள், அவர்களைக் காட்டி எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள் என்கிறார். போனவர்களை எண்ணினீர்களா ஐயா? அவர்கள் வீட்டுக்கு யாராவது போனீர்களா?

இது நான் புதிதாகச் சொல்வதில்லை. 1910இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் தொழிற்சாலைகளில் ஈய நச்சு இருக்கிறதா என்று ஆராயப் போனவர் டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன். எங்களிடம் அப்படி ஒரு நோயே இல்லை என்றுதான் அவரிடமும் சொன்னார்கள். அவர் ஆலைக்குள் நின்றவர்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பவில்லை. மருத்துவமனைப் பதிவேடுகளைப் புரட்டினார், தொழிலாளர்களின் வீடு தேடிப் போனார். நோயாளிகள் அங்கேதான் இருந்தார்கள். 1919இல் ஹார்வர்டு அவரைத் தன் முதல் பெண் ஆசிரியராக எடுத்துக்கொண்டது. 1935இல் ஓய்வுபெறும்வரை உதவிப் பேராசிரியராகவே வைத்திருந்தது. இதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரியும்.

அந்த சொல்யூஷனுக்குள் என்ன இருக்கிறது என்று விவாதத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. செருப்பு, ஷூ ஒட்டும் பசைகளில் என்-ஹெக்சேன் என்ற கரைப்பான் திரவத்தைக் கலப்பது உலகம் முழுக்க நடந்திருக்கிறது. விலை குறைவு, சீக்கிரம் காயும். மூச்சு வழியாக உள்ளே போனதும் உடம்பு அதை 2,5-ஹெக்சேன்டயோன் என்ற இன்னொரு பொருளாக மாற்றுகிறது. நரம்பைக் கெடுப்பது அதுதான். நீளமான நரம்புகள் முதலில் அடி வாங்கும் என்பதால் பாதத்தில் தொடங்கும், அப்புறம் விரல்களுக்கு வரும். 1960களில் ஜப்பானில் செருப்பு ஒட்டியவர்களுக்கு வந்தது. 2009இல் சீனாவின் சூஜோவில் ஆப்பிள் ஃபோன் திரை துடைத்தவர்களுக்கு வந்தது, ஆல்கஹாலைவிட இது சீக்கிரம் காய்கிறது என்று மாற்றிக் கொடுத்திருந்தார்கள். 137 பேர் பாதிக்கப்பட்டதை ஆப்பிள் கம்பெனியே தன் அறிக்கையில் ஒப்புக்கொண்டது.

என் சித்தி ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ யூனிட்டில் அப்பர் (ஷூவின் மேல்பகுதி) ஒட்டும் பிரிவில் இருந்தார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் புடவை முழுக்க அந்த வாடைதான். ஒருநாள் கடைத்தெருவிலிருந்து ஒரு கால் செருப்போடு வந்து நின்றார். இன்னொன்று எங்கே கழன்றது என்றே அவருக்குத் தெரியவில்லை, கால் வெறும் தரையில் படுவதும் தெரியவில்லை. பிறகு ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியாமல் போனது, நான்தான் மாட்டிவிடுவேன். டாக்டர் சர்க்கரையாக இருக்கும் என்றார், டெஸ்டில் சர்க்கரை இல்லை. நரம்புத் தளர்ச்சி என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். என்ன வேலை செய்கிறீர்கள் அம்மா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சித்தி வேலையை விட்டார். விட்ட பிறகு இன்னும் மோசமானது. "வேலையை விட்டப்புறம்தானே கால் இழுக்குது, அப்ப வேலையை எப்படிக் குத்தம் சொல்றது?" என்று சொந்தக்காரர்களே கேட்டார்கள். இந்த நச்சின் குணமே அதுதான், அது உடம்புக்குள் போவது நின்ற பிறகும் சில மாதங்களுக்கு நரம்பு தொடர்ந்து கெட்டுக்கொண்டே போகும். இது எனக்கு மேல்படிப்புப் பாடப்புத்தகத்தில்தான் தெரிந்தது. நோய் முற்றுவது வீட்டில், மஸ்டர் ரோலில் (வருகைப் பதிவேட்டில்) பெயரை நீக்கிய பிறகு. கம்பெனிக் கணக்கில் அது எந்தக் காலத்திலும் வராது.

உடனே "உங்கள் சித்திக்கு அதனால்தான் வந்தது என்பதற்கு ஆதாரம் என்ன?" என்று யாராவது வருவீர்கள். அந்த அறையின் காற்றை யாரும் அளக்கவில்லை, அவர் சிறுநீரை யாரும் சோதிக்கவில்லை. அளக்க வேண்டியவர்கள் அளக்காமல் விட்டுவிட்டு ஆதாரத்தை எங்களிடம் கேட்பது என்ன நியாயம்?

மாஸ்க் கொடுத்தோம், அவர்கள்தான் போடவில்லை என்பார்கள். துணி மாஸ்க் தூசியையே அரைகுறையாகத்தான் நிறுத்தும், ஆவியை நிறுத்தவே நிறுத்தாது. அதற்குக் கரி நிரப்பிய கார்ட்ரிட்ஜ் வேண்டும், அதையும் காலாகாலத்தில் மாற்ற வேண்டும். சட்ட வரம்புக்குள்தான் இருக்கிறோம் என்பார்கள். அமெரிக்கச் சட்டத்தில் ஹெக்சேனுக்கு இன்றும் 500 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 500 பங்கு), அங்கேயே வல்லுநர் அமைப்புகள் பரிந்துரைப்பது 50. கம்பெனியை மூடினால் சோறு யார் போடுவது என்பார்கள். மூடச் சொன்னது யார்? பசையை மாற்றுங்கள், காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும் வசதி வையுங்கள் என்கிறோம்.

எலி விஷயத்துக்கு வருகிறேன், அதுதான் அதிகம் வலித்தது. டிபிசிபி என்றொரு பூச்சிக்கொல்லி. எலிகளுக்கு அதைக் கொடுத்தால் விரை சுருங்குகிறது என்று 1961லேயே ஆய்வுக் கட்டுரை வந்துவிட்டது. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1977இல் கலிஃபோர்னியாவின் லாத்ரோப் ஆலையில் அதைத் தயாரித்த ஆண்கள், நம்மில் யாருக்குமே குழந்தை தங்கவில்லையே என்று தங்களுக்குள் பேசிப் பேசித்தான் கண்டுபிடித்தார்கள். விந்துப் பரிசோதனை செய்தபோது பலருக்கு அணுக்களே இல்லை. பதினாறு வருடத்துக்கு முன்பே எலி சொன்னதைக் கேட்டிருந்தால் அந்த வீடுகளில் பிள்ளைகள் இருந்திருப்பார்கள். இதைத்தான் சிரிப்பு ஸ்மைலி போட்டுப் பகிர்ந்தீர்கள்.

நம் ஊரிலேயே கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டது. பாதரசத்தோடு வேலை செய்த 591 முன்னாள் தொழிலாளர்களுக்கு கம்பெனியோடு சமரச ஒப்பந்தம் கையெழுத்தானது 2016இல். அத்தனை வருடமும் கம்பெனி சொன்னது என்ன? தொழிலாளர் உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்றுதான்.

நீங்களும் சம்பளத்துக்கு வேலை செய்பவர்தானே என்று நேற்று ஒருவர் கமெண்ட் போட்டிருக்கிறார். ஆமாம், சம்பளத்துக்குத்தான். ஆனால் சித்தி கொக்கி மாட்ட முடியாமல் என் முன்னால் முதுகைத் திருப்பி நின்றதற்கு எனக்கு யாரும் சம்பளம் தரவில்லை. அதற்குப் பிறகுதான் நான் இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்தேன்.

பசை வேலை செய்தவர்கள், விட்டவர்கள் யாராவது இதைப் படித்தால்: பாதம் மரத்தால், செருப்பு கழல்வது தெரியாமல் போனால் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போய் முதல் வார்த்தையாக உங்கள் வேலையைச் சொல்லுங்கள். நரம்பில் சிக்னல் சரியாகப் போகிறதா என்று பார்க்கும் நெர்வ் கண்டக்‌ஷன் டெஸ்ட் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். சிறுநீர்ப் பரிசோதனையில் சமீபத்தில் உடம்புக்குள் போனது மட்டும்தான் தெரியும், வேலையை விட்டு நாளானவர்களுக்கு அது உதவாது. சொல்யூஷன் டின்னில் ஒட்டியிருக்கும் லேபிளை ஃபோட்டோ எடுக்க முடிந்தால் எடுத்து எனக்கு இன்பாக்ஸில் அனுப்புங்கள், பெயர் வெளியே வராது.