மதியக் கடை வேறு, ராத்திரிக் கடை வேறு

"டவுன்ல சாதாரணமா உட்கார்ந்து சாப்பிட நல்ல இடம் சொல்லுங்க" என்று யாராவது பதிவு போட்டால் போதும், பின்னூட்டத்தில் கடைப் பெயர்கள் கொட்டும். கேட்டவர் பகல் ஒரு மணிக்குப் போகிறாரா, இரவு ஒன்பதுக்கா என்று ஒருவரும் விசாரிப்பதில்லை. அதை விசாரிக்காமல் சொல்லும் பரிந்துரைக்கு நகர மையத்தில் மதிப்பே கிடையாது என்பது என் கட்சி. அலுவலகமும் வங்கியும் மொத்த வியாபாரமும் நெருக்கியடிக்கும் பகுதி அது. பெயர்ப்பலகை ஒன்றுதான், ஆனால் மதியம் உள்ளே நடக்கும் தொழில் வேறு, இரவு நடக்கும் தொழில் வேறு.

முதலில் மதியம். மையப் பகுதியின் கொழுத்த வாடகையை அலுவலகக் கூட்டத்தை நம்பிய கடை மதியத்தின் இரண்டு மணி நேரத்தில்தான் சம்பாதித்தாக வேண்டும். நாற்பது இருக்கை உள்ள கடையில் ஆளுக்கு 40 நிமிடம் என்றால் இரண்டு மணி நேரத்தில் 120 பேர் சாப்பிடலாம். அதே ஆட்கள் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் 80 பேர்தான். மூன்றில் ஒரு பங்கு வியாபாரம் போச்சு. கடைசி வாய் உள்ளே போவதற்குள் பில் மேஜைக்கு வருவதை அவமரியாதை என்று ஸ்டார் குறைப்பவர்களைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது. அந்த நேரத்தில் அந்தக் கடை விற்பதே வேகத்தைத்தான்.

உங்கள் பக்கக் கணக்கையும் போட்டுவிடுங்கள். நிதானமான நடைக்கு நிமிடத்துக்கு 80 மீட்டர். 400 மீட்டர் தள்ளி இருக்கும் கடைக்குப் போக ஐந்து நிமிடம், வர ஐந்து. உயரமான கட்டடத்தில் வேலை என்றால் எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்குவதால் லிஃப்டுக்குப் போக வர பத்து. கை கழுவ, பணம் கட்ட ஐந்து. ஒரு மணி நேர இடைவேளையில் மிச்சம் 35 நிமிடம். அவசரமில்லாமல் சாப்பிட இருபது வேண்டும். ஆக, நீங்கள் காத்திருக்க முடிவது அதிகபட்சம் 15 நிமிடம். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டுதான் கடை வாசலில் நிற்க வேண்டும்.

வரிசை நீளமாக இருக்கிறதே என்று மிரள வேண்டாம், வேகத்தைப் பாருங்கள். ஜான் லிட்டில் என்பவர் 1961இல் நிரூபித்த விதி ஒன்று உண்டு. அதைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்தால் இப்படி வரும்: நிற்பவர்களின் எண்ணிக்கையை, நிமிடத்துக்கு எத்தனை பேர் வேலை முடிந்து நகர்கிறார்கள் என்பதால் வகுத்தால், காத்திருக்க வேண்டிய நேரம். கவுன்ட்டர் பக்கத்தில் இரண்டு நிமிடம் நின்று எண்ணுங்கள். நாலு பேர் தட்டோடு நகர்ந்தால் நிமிடத்துக்கு இரண்டு. முன்னால் இருபது பேர் இருந்தாலும் பத்து நிமிடத்தில் உங்கள் முறை வந்துவிடும். பக்கத்துக் கடையில் ஆறே பேர்தான், ஆனால் இரண்டு நிமிடத்துக்கு ஒருவர்தான் நகர்கிறார் என்றால் அங்கே 12 நிமிடம். பலரும் ஏமாறுவது எங்கே என்றால், டோக்கன் வாங்கும் வரிசையை மட்டும் எண்ணுவார்கள். டோக்கனைக் கையில் பிடித்தபடி ஓரமாக நிற்கும் கும்பலை விட்டுவிடுவார்கள். அடுப்பின் வேகம் அந்தக் கும்பலில்தான் தெரியும்.

இன்னொரு வேடிக்கை, கூட்டம் பிதுங்கும் நேரத்தில்தான் சாப்பாடும் புதிது. பாத்திரம் பத்து, பதினைந்து நிமிடத்தில் காலியாகி அடுத்தது வந்துகொண்டே இருக்கும். உச்ச நேரம் முடிந்து ஒரு மணி நேரம் கழித்துப் போனால் மேஜை நிறைய காலி, ஆனால் பரிமாறும் மேடையில் வெந்நீர்த் தொட்டி மேல் இருப்பதோ உச்சத்தில் இறக்கிய கடைசிப் பாத்திரம். அந்த வெந்நீர் சூட்டைக் காக்கத்தான், சமைக்க இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2001இல் வெளியிட்ட ஐந்து விதிகள் சுவரொட்டியில் இது தெளிவாக இருக்கிறது: சமைத்த உணவு பரிமாறும்வரை 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும், அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, குளிரில் வைப்பதென்றால் 5 டிகிரிக்குக் கீழே. தெர்மாமீட்டர் எல்லாம் தேவையில்லை. மேலே ஆடை கட்டியிருக்கிறதா, எண்ணெய் தனியாகப் பிரிந்து நிற்கிறதா, ஓரம் காய்ந்து கறுத்திருக்கிறதா, கிளறும்போது ஆவி வருகிறதா, இவ்வளவு பார்த்தால் போதும். அரிசியில் மட்டும் கூடுதல் கவனம். பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வேகவைத்தாலும் சாகாது. வெந்த சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்துப் பெருகும், அப்போது உண்டாகும் வாந்தி நச்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. "சூடா கொடுங்க" என்று கேட்டு வாங்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

எனவே என் தேர்வு, உச்ச நேரத்துக்குக் கால் மணி நேரம் முன்னால். முதல் பாத்திரம் இறங்கியிருக்கும், வரிசை இருக்காது. உச்சம் எப்போது என்று தெரியாத ஊரில், கூகுள் மேப்பில் 2015இல் வந்த கூட்ட நேரப் பட்டைகளைப் பாருங்கள். பட்டை சட்டென்று உயரும் மணிக்கு முந்தைய மணியின் கடைசிப் பகுதிதான் உங்களுக்கு உரிய நேரம். போதுமான ஆட்கள் வராத சின்னக் கடைக்குப் பட்டையே இருக்காது, அதை வைத்துக் கடையை ஒதுக்கிவிடாதீர்கள்.

மெனு அட்டை பற்றி ஒரு வார்த்தை. சின்னக் கிச்சன், 150 ஐட்டம் என்றால் நான் பின்வாங்கிவிடுவேன். அத்தனையையும் காலையில் வெட்டி, அரைத்துத் தயாராக வைக்க ஆளும் இடமும் இருக்காது. ஒன்று, நாலு அடிப்படைக் குழம்பை வைத்துக்கொண்டு பெயரை மட்டும் மாற்றுகிறார்கள். இல்லை, ஃப்ரீசரிலிருந்து எடுக்கிறார்கள். பலகையில் சாக்பீஸால் பத்துப் பன்னிரண்டு எழுதி, தீர்ந்ததை அழித்துவிடும் கடைக்கு என் ஓட்டு. 'தீர்ந்துபோச்சு' என்று தயங்காமல் சொல்லும் கடையில் நேற்றைய மிச்சம் உங்கள் தட்டுக்கு வரும் வாய்ப்பு குறைவு.

இரவில் இந்த அளவுகோல் எல்லாம் தலைகீழாகிவிடும். ஆறு மணிக்கு அலுவலகம் வடிந்துவிடுகிறது. அலுவலகக் கட்டடத்தின் தரைத்தளத்தில் மதியம் அடித்துப் பிடித்து ஓடிய கடை இரவில் ஷட்டரை இறக்கியிருக்கும், அல்லது பேருக்குத் திறந்திருக்கும். மதியச் சரக்கை நீட்டி ஓட்டும் ஆபத்து இந்த இரண்டாவது வகையில்தான். இரவுச் சாப்பாட்டுக்கு, மையப் பகுதியிலேயே ஆட்கள் குடியிருக்கும் தெருவையோ தங்கும் விடுதி, நாடக அரங்கு, திரையரங்கு, ரயில் நிலையம் இருக்கும் பக்கத்தையோ தேடுங்கள். அங்கேதான் இரவுக்கென்று தனியாக அடுப்பு மூட்டுவார்கள். பெரிய சாலை முனையைவிட இரண்டு சந்து உள்ளே தள்ளி இருப்பது பல நேரம் மேல். வாடகை குறைவு, மேஜையைப் பிடுங்கும் அவசரமும் குறைவு.

அரங்கு அருகில் என்றால் காட்சி நேரம் பார்த்துப் போங்கள். எட்டு மணிக்குக் காட்சி என்றால் ஆறரைக்குக் கடை நிரம்பும், எல்லோரும் ஒரே சமயத்தில் ஆர்டர் கொடுப்பார்கள், கிச்சன் திணறும். ஏழே முக்காலுக்கு மொத்தக் கூட்டமும் எழுந்து போய்விடும். காட்சிக்குப் போகாதவர் எட்டு மணிக்கு நுழைந்தால் ராஜா.

பத்து மேஜை காலியாக இருந்தும் சாப்பாடு வர முக்கால் மணி நேரம் ஆனால், குற்றவாளி டெலிவரி. உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கூட்டம் போனில் வரிசையாக நிற்கிறது, அடுப்போ ஒன்றுதான். நுழையும் முன் இரண்டை எண்ணுங்கள்: வாசலில் காத்திருக்கும் டெலிவரி ஆட்கள், கல்லா பக்கத்தில் கட்டி வைத்த பார்சல் பைகள். ஏழெட்டு ஆட்கள் நின்று, பை ஒன்றுகூடத் தயாராக இல்லை என்றால் அடுப்படி மூழ்கிவிட்டது. அடுத்த கடையைப் பாருங்கள். பைகள் கட்டியிருந்து ஆள் வரவில்லை என்றால் பயமில்லை.

இரவில் சத்தமும் ஒரு கணக்கு. சுற்றி இரைச்சல் கூடினால் மனிதன் தன்னை அறியாமலே குரலை உயர்த்துவான். எத்தியென் லோம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இல் இதை விவரித்தார், இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள். ஒரு மேஜை கத்த, அடுத்த மேஜை அதைவிடக் கத்த, கண்ணாடிச் சுவரும் டைல்ஸ் தரையும் வெறும் கான்கிரீட் கூரையும் சேர்ந்தால் முடிந்தது கதை. சாதாரணப் பேச்சு 60 டெசிபல் அளவு. போனில் ஒலியளவு காட்டும் செயலி எழுபத்தைந்தைத் தாண்டினால் எதிரில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும். திரைச்சீலை, மெத்தை இருக்கை, மரத்தடுப்பு உள்ள கடை மேல். அது இல்லையென்றால் ஸ்பீக்கர், காபி மெஷின், கிச்சன் கதவு மூன்றிலிருந்தும் தள்ளிய மூலை. புது அலங்காரக் கடைகள் இந்த ஒரு விஷயத்தில் பழைய இருட்டுக் கடைகளிடம் தோற்றுப்போகின்றன.

கும்பலாகப் போகிறவர்களுக்கு: சிறிய கடைகளில் பெரும்பாலும் இரண்டு பேர், நாலு பேர் மேஜைகள்தான். ஐந்து பேராக நின்றால் இரண்டு மேஜை ஒட்டிக் காலியாகும்வரை நிற்க வேண்டும். இரண்டும் மூன்றுமாகப் பிரிய சம்மதம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஐந்து பேர் ஐந்து விதமாகச் சொல்லாமல் இரண்டு மூன்று ஐட்டத்துக்குள் அடங்கினால் ஒரே ஈடில் போட்டுக் கொடுப்பார்கள். ஒவ்வாமை உள்ளவர் உச்ச நேரத்தில் சர்வரிடம் சொல்லி நம்பியிருக்கக் கூடாது. கூட்டம் இல்லாத வேளையில் போன் செய்து, பொரிக்கும் எண்ணெயும் கரண்டியும் தனியா என்று சமைப்பவரிடமே கேட்பதுதான் பாதுகாப்பு.

ஸ்டார் மதிப்பெண்ணை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. மைக்கேல் லூகா என்ற பொருளாதார ஆய்வாளர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், யெல்ப் என்ற அமெரிக்க விமர்சனத் தளத்தில் ஒரு ஸ்டார் கூடினால் கடை வருமானம் 5 முதல் 9 சதவீதம் கூடுவதாகக் கண்டார். மதிப்பெண் கூட்டத்தைக் கூட்டும் என்பது சரி. ஆனால் அந்த எண் மதியத்தையும் இரவையும் ஒன்றாகக் கலக்கிக் கொடுக்கிறது. சராசரியை விட்டுவிட்டு மூன்று ஸ்டார் விமர்சனங்களைத் திறந்து, 'லஞ்ச்', 'டின்னர்' என்று தேடிப் படியுங்கள். எந்த வேளையில் எது சொதப்புகிறது என்பதை ஒழுங்காக எழுதுகிறவர்கள் இவர்கள்தான்.

கடைசியாக, மேப்பில் காட்டும் மூடும் நேரம் கதவுக்கானது. அடுப்பு அதற்கு அரை மணி, முக்கால் மணி முன்னாலேயே அணைந்துவிடும். போன் செய்து "எத்தனை மணி வரை திறந்திருக்கும்" என்று கேட்காதீர்கள், "கடைசி ஆர்டர் எப்போது" என்று கேளுங்கள். அந்த நேரத்துக்கு ஒட்டிப் போய்ச் சேர்ந்தால் மெனுவை விரிக்க வேண்டாம். "இப்போ எது சூடா போட முடியும்" என்று கேட்டு அதை வாங்குங்கள். கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தை மறுபடி அடுப்பில் ஏற்ற வைக்கும் ஐட்டத்தைச் சொன்னால், தட்டில் வருவது அரை வேக்காடாகத்தான் இருக்கும்.