புக் இல்லை, வண்டி கண்டிஷன்

பழைய ஜாவா, லாம்பிரட்டா, பியட் விற்பனைக்கு என்று வருகிற விளம்பரங்களில் ஒரு வரி அடிக்கடி கண்ணில் படுகிறது: "புக் இல்லை, வண்டி நல்ல கண்டிஷன்." அதற்குக் கீழேயும் விலை கேட்டுப் பத்துப் பேர் நிற்கிறார்கள். என்னைக் கேட்டால், ஆர்.சி. புக் இல்லாததை வண்டி விலைக்கு வாங்கவே கூடாது. அது ஸ்பேர் பார்ட்ஸ். அந்த விலைதான் அதற்கு.

2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும், சேஸிஸிலும் பாடியிலும் இன்ஜினிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். ரேலி, கண்காட்சி, பெட்ரோல் போட, மெக்கானிக்கிடம் போக என்று மட்டும் ஓட்டலாம். இந்தக் கட்டணத்தைப் பற்றித்தான் எல்லோரும் புலம்புகிறார்கள். ஆனால் இந்தியாவில் ஏற்கெனவே பதிவான வண்டி என்றால் விண்ணப்பத்தோடு பழைய ஆர்.சி.யையும் கேட்கிறார்கள். அந்த 50 வருடக் கணக்கு தொடங்குகிற தேதியே அதில்தான் இருக்கிறது. எம்.எஸ்.எக்ஸ். என்று தொடங்குகிற அந்தக் காலத்து நம்பரை அப்படியே வைத்துக்கொள்ளவும் வழி உண்டு. புதிதாகப் பதிவானால் 'வி.ஏ.' வரிசையில் ஒரு நம்பர், அவ்வளவுதான்.

வண்டி எந்தக் காலத்தது என்பதற்கும் புக்தான் சாட்சி. மைசூரில் 1961-இல் ஜாவா தயாரிக்கத் தொடங்கினார்கள். 1973-இல் அது யெஸ்டி ஆனது. டேங்கை மாற்றி, குரோம் ஏற்றி, எண்பதுகளின் யெஸ்டியை "ஒரிஜினல் ஜாவா" என்று விற்பது இன்று சுலபம். புக்கைப் பிரித்தால் ஒரு நிமிடத்தில் குட்டு உடைந்துவிடும்.

புக் இருந்தாலும் முழுசாகப் படியுங்கள். அப்பா பெயரிலேயே நிற்கும், மகன் விற்பார். முதலில் அவர் படிவம் 31, வாரிசுச் சான்றிதழ் எல்லாம் வைத்துத் தன் பெயருக்கு மாற்றட்டும். வழக்கமான பெயர் மாற்றப் படிவங்களான 29, 30-இல் மட்டும் கையெழுத்து வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொள்வது பின்னால் தலைவலி. இன்னொன்று ஹெச்.பி., அதாவது வண்டி மேல் கடன் இருப்பதாக புக்கில் உள்ள பதிவு. என்றைக்கோ கடன் கொடுத்த பைனான்ஸ் கம்பெனியின் பெயர் அதில் அப்படியே இருக்கும். கம்பெனியை மூடியிருந்தால், கடன் முடிந்தது என்று சொல்லும் படிவம் 35-இல் யார் கையெழுத்துப் போடுவார்கள்?

இதையெல்லாம் தாண்டி எனக்குக் கோபம் வருவது "புக் மட்டும் விற்பனைக்கு" கும்பல் மேல்தான். காயலான் கடைக்குப் போன வண்டியின் புக்கை வாங்கி, அந்த சேஸிஸ் நம்பரை வேறு ஃப்ரேமில் பஞ்ச் செய்கிறார்கள். அது ரெஸ்டோரேஷன் இல்லை, குற்றம். அந்த ஃப்ரேம் திருட்டு வண்டியுடையதாக இருந்தால் கடைசியில் கம்பி எண்ணப் போவது பெயர் மாற்றி வாங்கிய அப்பாவிதான்.

நேர்மையாகத் தொலைத்தவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. போலீசில் புகார் கொடுத்து, படிவம் 26-இல் டூப்ளிகேட் கேட்கலாம். ஆனால் கேட்பவர் ரெக்கார்டில் உள்ள உரிமையாளராக இருக்க வேண்டும். ஆன்லைனில் ஏறாத பழைய நம்பர் என்றால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் பழைய பதிவேட்டைத் தேடி எடுக்க வேண்டும். கரையான் தின்பதற்கு முன்னால் அந்தப் பதிவேடுகளை ஸ்கேன் செய்து வைக்கச் சொல்லி விண்டேஜ் கிளப்புகள் கேட்கலாம். ரேலிக்குக் கொடியசைக்க அமைச்சரைக் கூப்பிடுகிறார்களே, அந்த மேடையிலேயே மனுவையும் கொடுத்துவிடலாம்.