அந்தக் கோட்டு யாருடையதாக இருந்தால் என்ன?

சென்ற வாரம் இங்கே சுற்றிவந்த, 1860களில் ஒரு தொழிலாளி நல்ல கோட்டணிந்து ஸ்டுடியோத் தூணில் சாய்ந்து எடுத்துக்கொண்ட அந்தப் புகைப்படத்தையும், அதன் கீழே "இரவல் கோட்டு, பொய்க் கௌரவம்" என்று குவிந்த கேலிகளையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன், மனம் ஒப்பவில்லை.

அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. தன்னை எப்படி நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னார்.

1839இல் டாகுரோடைப் என்ற தொடக்ககாலப் புகைப்பட முறை அறிவிக்கப்படும்வரை, முகத்தைப் படமாக விட்டுச்செல்வது பெரும்பாலும் ஓவியருக்குப் பணம் கொடுக்க முடிந்தவர்களின் உரிமையாகவே இருந்தது. 1854இல் பாரிஸில் திஸ்தேரி என்ற புகைப்படக்காரர், ஒரே தகட்டில் பல சிறு படங்களை எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அட்டையில் ஒட்டிய அந்தச் சிறு படங்களின் விலை இறங்கிய பிறகுதான் சாதாரணக் குடும்பங்கள் பலவும் ஸ்டுடியோ வாசலை மிதித்தன. அங்கிருந்த போலித் தூணும், தோட்டம் வரைந்த திரையும், மேசைப் புத்தகமும் வந்தவர் எல்லோருக்கும் பொதுவானவை. பணக்காரர் சாய்ந்தபோது கண்ணை உறுத்தாத தூண், தொழிலாளி சாய்ந்தபோது மட்டும் ஏன் உறுத்துகிறது?

லண்டன் புகைப்படக்காரர் மேயால் 1860இல் வெளியிட்ட அரச குடும்பப் படங்களில் விக்டோரியா அரசி கிரீடமின்றி, நடுத்தரக் குடும்பத்து மனைவியைப் போலத் தோன்றுகிறார். அதை எளிமை என்று புகழ்கிறோம். மேலிருப்பவர் இறங்கி நின்றால் எளிமை, கீழிருப்பவர் நிமிர்ந்து நின்றால் பொய்யா?

எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் பாட்டியின் ஒரே படத்தில் அவர் கையில் புத்தகம் இருக்கிறது. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. உறவினர் ஒருவர் விருந்தினர் முன்னால் அதைச் சொல்லிச் சிரித்தார். படிக்க ஆசைப்பட்டு மறுக்கப்பட்டவர் ஒரு புத்தகத்தையாவது பிடித்துக்கொண்டு நின்றாரே என்று அந்த அறையில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"படம் எடுத்தவர் நிற்கச் சொன்னபடி நின்றார், அவ்வளவுதானே" என்பீர்கள். ஓரளவு உண்மை, அசையாதிருக்கத் தலைக்குப் பின்னால் இரும்புத் தாங்கிகூட வைத்தார்கள். ஆனால் அங்கே போக வேண்டும் என்று முடிவெடுத்தவர் யார்? "வரலாற்றுச் சான்றில் உண்மை வேண்டாமா" என்பீர்கள். கோட்டு அவருடையது என்று அந்தப் படம் நிரூபிக்காதுதான். அவர் எதற்கு ஆசைப்பட்டார் என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று எது?

அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து தப்பி, அடிமைமுறைக்கு எதிராகப் போராடிய பிரெடெரிக் டக்ளஸ், கறுப்பின மக்களைக் கேலிப்பொருளாக வரைந்த சித்திரங்களுக்கு எதிராகவே, நேர்த்தியான கோட்டணிந்து சிரிக்காத முகத்துடன் திரும்பத் திரும்பப் படம் எடுத்துக்கொண்டார். சுமார் 160 படங்கள் கிடைத்திருக்கின்றன. அதே நாட்டில் அடிமையாகப் பிறந்து, சிறு வயதில் ஏலத்தில் விற்கப்பட்டு, பின்னர் அடிமைமுறையை எதிர்த்துப் பேசிய சோஜர்னர் ட்ரூத், வெள்ளைத் தொப்பியும் சால்வையும் அணிந்து, பின்னல் நூலுடன் அமர்ந்து எடுத்த படங்களைத் தானே விற்றார். தன் படத்தையே நிழல் என்று குறித்து, "உடலைப் பேண நிழலை விற்கிறேன்" என்று அட்டையிலேயே அச்சிட்டார். அந்த நூலையும் சால்வையையும் காட்டி, இதுவும் பொய்க் கௌரவம்தான் என்று எழுத உங்களில் யாருக்குக் கை வரும்?