இலவச உணவு விழுக்காடு வறுமையின் அளவு அன்று
அமெரிக்க அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றில் இலவச மதிய உணவு பெறுவோர் ஒரே ஆண்டில் 100 விழுக்காடாக உயர்ந்ததைக் காட்டி, ஏழைப் பிள்ளைகள் புதிதாக வந்து பெருகியதால்தான் தேர்ச்சி சரிந்தது என்று நண்பர் ஒருவர் எழுதியிருப்பது தவறான முடிவு. பள்ளி உணவு பற்றிய 2010ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் கொண்டுவந்த சமுதாயத் தகுதி ஏற்பாட்டில் சேரும் பள்ளி, வீட்டு வருமான விண்ணப்பமே வாங்காமல் அனைவருக்கும் இலவசமாக உணவளிக்கிறது. அரசு உதவித் திட்டங்களின் வழியே நேரடியாக அடையாளம் காணப்பட்ட மாணவர்கள் முன்பு 40 விழுக்காடும், 2023 முதல் 25 விழுக்காடும் இருந்தாலே அதற்குப் போதும். ஆகவே மருத்துவர் வீட்டுப் பிள்ளையும் அந்த நூறில் அடக்கம். வறுமையை அறிய நேரடியாக அடையாளம் காணப்பட்டோரின் விகிதத்தையும், கற்பித்தலை எடைபோட அதே பிள்ளைகள் ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்குள் எவ்வளவு முன்னேறினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். அவற்றைப் பாராமல் புதிதாக வந்த பிள்ளைகள்மீது பழிபோடுவது பெரும் அநியாயம்.