காசு கொடுத்தால் படம் முழுக்க நம்முடையதா?

"போட்டோகிராபருக்குப் பணம் கொடுத்துவிட்டால் எந்த நாட்டிலும் படம் உங்கள் சொத்து, வாட்டர்மார்க்கை அழித்துவிட்டு எங்கே வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், பதிவு செய்யாத படத்துக்குப் பதிப்புரிமையே கிடையாது" என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. இது தவறு.

முதலில் பதிவு விஷயம். பதிப்புரிமைக்காக 1886-இல் உருவான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் படம் எடுத்த கணமே உரிமை வந்துவிடும், பதிவு கட்டாயமில்லை.

அந்த உரிமை யாருக்கு என்பதுதான் நாட்டுக்கு நாடு மாறுகிறது. அமெரிக்காவில் தனியாகத் தொழில் செய்யும் போட்டோகிராபர் கையொப்பமிட்டு எழுதித் தராதவரை பதிப்புரிமை அவரிடமே இருக்கும், வாடிக்கையாளருக்குக் கிடைப்பது பயன்படுத்தும் அனுமதி மட்டும். பிரிட்டனிலும் 1988 சட்டப்படி எடுத்தவர்தான் உரிமையாளர், ஆனால் குடும்பப் படங்களை வாடிக்கையாளர் சம்மதமில்லாமல் அவர் வெளியிட முடியாது (நியாயமான ஏற்பாடு). இந்தியாவில் நேர்மாறு: 1957 சட்டத்தின் 17(பி) பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். அப்போதும், எடுத்தவர் நான்தான் என்று சொல்லும் உரிமை 57-ஆம் பிரிவின்படி போட்டோகிராபருக்கு உண்டு, அதனால் வாட்டர்மார்க்கில் உள்ள அவர் பெயரை அழிப்பது சரியில்லை.

சட்டங்களை உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பின் (WIPO, வைப்போ) இணையதளத்தில் யாரும் படிக்கலாம். அச்சடிக்கும் முன் ஒப்பந்தத்தைப் பாருங்கள், இல்லையென்றால் எடுத்தவரிடமே கேளுங்கள். அந்த ஃபார்வர்டைத் தயவுசெய்து இனி அனுப்பாதீர்கள், அதை நம்பி ஒருவருடைய உழைப்பில் கைவைப்பவர்கள் இருக்கிறார்கள்.